ஈரக் காது

1

அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும், "பிள்ளைகள் படிக்கிறதைக் கேட்கிறேன்" என்கிறேன். எதிர்முனையிலிருந்து, "அதுக்குப் போயி சம்பளம் குடுக்கறாங்களா?" என்று வரும். கொடுக்கிறார்கள். அதை நம்பி இங்கே வீடு வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

மனைவி சுமதி நர்ஸ். வட இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊரில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு நானும் மகள் கயலும் விமானம் ஏறினோம். அதற்கு முன் நான் ஆரணியை ஒட்டிய சேவூரில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியன். இப்போது இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில், அதே ஒன்றாம் வகுப்பில், உதவியாளன். அங்கே டவுன் பஸ் கண்டக்டர்கூட என்னை "சார்" என்பார். இங்கே ஏழுமலை என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் வரும் முதல் எழுத்தோடு நிறுத்தி "மிஸ்டர் இ" ஆக்கிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் ஏழுமலை வேறு யாரோ என்று சில நாள் தோன்றும்.

வகுப்பறைக்கு வெளியே நடைவழியில் இரண்டு குட்டி நாற்காலிகள் போட்டிருப்பார்கள். ஒன்றில் நான் உட்காருவேன். முழங்கால் தாடையில் இடிக்கும். இன்னொன்றில் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்கும். புத்தகத்தில் ஒரு நாய் குழி தோண்டும். அந்தப் பிள்ளை போய் அடுத்த பிள்ளை வரும். நாய் மறுபடியும் அதே குழியைத் தோண்டும். ஒரு நாளில் என்னிடம் பேசப்படும் பேச்சில் பெரும்பங்கு அந்த நாயைப் பற்றியது.

ஆசிரியர் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். சனி ஞாயிறு எப்படிப் போனது என்று தவறாமல் விசாரிப்பார்கள். பதில் வாக்கியத்தை மனதுக்குள் கட்டி, ஒருமுறை சரிபார்த்து, வாயைத் திறப்பதற்குள் பேச்சு யாருடைய சமையலறையைப் புதுப்பிப்பதற்கோ போயிருக்கும். தயாரான வாக்கியத்தை டீயோடு சேர்த்து விழுங்கிவிடுவேன். இப்படி எத்தனையோ வாக்கியங்கள் என் வயிற்றில் இருக்கின்றன.

நேற்று எங்கள் வகுப்பில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. வேறு யாருக்கும் அதில் செய்தி இல்லை. எனக்கு இன்னும் நெஞ்சு அடங்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஹலாவிலிருந்து தொடங்க வேண்டும்.

2

ஜனவரியில், பனி கொட்டிய ஒரு வாரத்தில், ஹலா வந்தாள். சூடானிலிருந்து வந்த குடும்பம். நடுவில் இரண்டு நாடுகளில் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். ஆறு வயது. சிவப்புக் கோட்டைக் கழற்ற மாட்டாள். கோட்டு மாட்டும் கொக்கிகளின் பக்கத்தில்தான் உட்காருவாள், எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக இருப்பவள் போல. வந்த நாளிலிருந்து வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை.

என் நாற்காலிக்கு அவளும் வருவாள். புத்தகத்தைத் திறந்து வைத்தால் அவள் கண் வரிவரியாக நகரும். பக்கத்தைச் சரியான இடத்தில் திருப்புவாள். நாய் தானே தோண்டிய குழியில் விழும் இடத்தில் மூக்கு லேசாகச் சுருங்கும். வாய் மட்டும் பூட்டியிருக்கும். பிள்ளைக்காக நாம் படித்துவிடக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. காத்திருந்தேன். நாங்கள் இருவரும் அந்த நடைவழியில் எவ்வளவோ அமைதியைப் படித்து முடித்தோம்.

மாலையில் பள்ளி வாசலில் அவள் அம்மா நிற்பார், இடுப்பில் தம்பியோடு. ஒரு நாள் அவரே பேச்சைத் தொடங்கினார். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தன.

"வீட்டில் படிக்கிறாள். தம்பிக்குப் படித்துக் காட்டுகிறாள். சத்தமாக."

"ஆங்கிலமா?"

"ஆங்கிலம்தான். எனக்கே திருத்தம் சொல்கிறாள்."

இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் ஒரு வாசிப்புச் சோதனை உண்டு. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் காட்டுவார். பிள்ளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஹலா விஷயத்தில் பள்ளியில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். அந்தச் சோதனையில் அவள் ஒரு சொல்லாவது படித்தால் இங்கேயே தொடரலாம். படிக்காவிட்டால் செப்டம்பரிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் சிறப்பு வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். டாக்ஸி வந்து ஏற்றிக்கொண்டு போகும். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அங்கே பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே செப்டம்பரில் தம்பி இந்தப் பள்ளியில் சேரப் போகிறான்.

"இப்போதுதான் இந்தக் கதவு அவளுக்குப் பழகியது. மறுபடியும் வேறு கதவா?" என்றார் அந்த அம்மா. நான் பதில் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் அவர் பிள்ளைகளோடு நடந்துவிட்டார்.

3

என் சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர் பயிற்சி, பட்டம், பணி அனுபவம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் கொண்டுவந்தேன். அவற்றை மதிப்பிட ஒரு அலுவலகம், அந்த மதிப்பீட்டை ஏற்க இன்னொரு அலுவலகம், நான் எந்தக் குற்றமும் செய்யாதவன் என்று சொல்ல ஆரணி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு தாள். கடைசியில் எல்லாம் சேர்ந்து, நான் உதவியாளன் வேலைக்கு விண்ணப்பிக்கத் தகுதியானவன் என்று தீர்ப்பளித்தன. நேர்முகத்தில் ஒருவர், "சத்தம் போடும் வகுப்பை எப்படி அமைதிப்படுத்துவீர்கள்?" என்று கேட்டார். "சத்தம் போடாத வகுப்பென்றால்தான் எனக்குப் பயம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்தார்களோ என்னவோ, வேலை கிடைத்தது.

சேவூர் வகுப்பை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். பள்ளியைச் சுற்றித் தறி வீடுகள். நெய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டை பெரிது. தறி ஓடும் சத்தத்துக்கு மேலே அம்மாவைக் கூப்பிட்டுப் பழகியவர்கள். "சார், ஒண்ணுக்கு" என்று அவர்கள் விரலைத் தூக்கினால் தெருமுனை வரை விஷயம் தெரிந்துவிடும். வயல் பக்கத்திலிருந்து, கூலி வேலைக்குப் போகிற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இந்தச் சத்தத்தைக் கேட்டே மிரண்டு வாயை மூடிக்கொள்வார்கள். ஜூன் மாதம் வாயை மூடியது தீபாவளி தாண்டியும் திறக்காது. நானும் அப்படி ஒரு வீட்டிலிருந்து போனவன்தான், அதனால் அவர்களைத் தனியே நிற்க வைத்துப் படிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

என் வழி கூட்டாகப் படிப்பது. நான் ஒரு வரி சொல்வேன், வகுப்பு மொத்தமும் திருப்பிச் சொல்லும். இப்படிச் செய்தால் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்காமலே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள் என்று பயிற்சி வகுப்புகளில் திட்டுவார்கள். அதுவும் நிஜம்தான். அதனால் வரிகளை முன்னும் பின்னுமாக மாற்றி, கோலால் தொட்டுக் காட்டிப் படிக்க வைப்பேன். சத்தம் ஏறியதும் வரிசைகளுக்கு நடுவே நடந்து, குனிந்து, ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் காதைக் கொண்டுபோவேன். அவ்வளவு சத்தத்திலும் ஒரு பிள்ளையின் குரல் தனியாகக் கேட்கும். பழகினால் யாருக்கும் கேட்கும்.

முன்பல் விழுகிற வயதில் ஒரு பிள்ளை உரக்கப் படித்தால் எச்சில் தெறிக்காமல் இருக்குமா? சாப்பாட்டு மணி அடிக்கும்போது என் வலது காது நனைந்திருக்கும். பக்கத்து வகுப்புப் பரிமளா டீச்சர் தினமும் கேட்பார்: "இன்னா சார், இன்னிக்கு எவ்ளோ மழை?"

அந்த டீச்சர் வேலைக்குப் புதிதாக வந்தபோது இந்த முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னேன். வாய் திறக்காத பிள்ளையிடமிருந்து குரல் வந்துவிட்டால் நிற்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. எதுவும் கேட்காத மாதிரி அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். நாம் நின்றால் கூட்டம் நின்றுவிடும். அந்தக் குரல் மட்டும் எல்லோர் முன்னாலும் தனியாக மாட்டிக்கொள்ளும்.

4

ஏப்ரலில் ஒரு மதியம் நல்ல மழை. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்ப முடியவில்லை. வகுப்பாசிரியை மிஸ் பார்க்கர் சாப்பிடப் போயிருந்தார். வகுப்பு என் பொறுப்பில். ஒருவன் இன்னொருவன் கட்டிய கோபுரத்தை இடித்தான். ஒருத்தி அழுதாள். ஒரே பேஜார். "உஷ்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போனது.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கதைப் புத்தகம் நிறுத்தி வைத்திருப்பார்கள். காற்றில் பறந்து போகும் ஒரு குடையின் கதை. என்ன தோன்றியதோ, ஸ்கேலை எடுத்து முதல் வரியைத் தொட்டு உரக்கப் படித்தேன். படித்துவிட்டு, "ம், சொல்லுங்க!" என்றேன். தமிழில்தான். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. எல்லோருக்கும் புரிந்தது.

"குடை பறந்தது, கடை மேலே பறந்தது!" என்று வகுப்பே கத்தியது. மூலம் ஆங்கிலம், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அழுதுகொண்டிருந்தவளும் கத்தினாள். கோபுரத்தை இடித்தவன் நாற்காலியில் ஏறி நின்று கத்தினான். எனக்கு இத்தனை மாதத்தில் முதல் முறையாகக் கை கால் முளைத்த மாதிரி இருந்தது. வரிகளைச் சொல்லிக்கொண்டே நடந்தேன், குனிந்தேன், பழைய பழக்கத்தில் காதைக் கொடுத்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

கோட்டுக் கொக்கிகளின் அருகே குனிந்தபோது சத்தத்துக்கு அடியில் அது வந்தது. வெகுநாள் திறக்காத தகரக் கதவு மாதிரி கரகரத்த ஒரு குரல். "குடை பறந்தது, குளத்து மேலே…"

நான் நின்றுவிட்டேன்.

ஊரில் எத்தனை பிள்ளைகளின் முதல் குரலைக் கேட்டிருப்பேன். ஒருமுறைகூட நின்றதில்லை. இங்கே நின்றேன். அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன் என்பது பாதிதான். மீதி என்னைப் பற்றியது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்து, அது பலித்த முதல் நொடி அது. அதை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்து, வாயெல்லாம் பல்லாக, அவளையே பார்த்தேன்.

நான் நின்றதும் வகுப்பும் நின்றது. "பறந்தது" என்ற கடைசிச் சொல் மட்டும் அவள் வாயிலிருந்து தனியாக வந்து அறை நடுவில் விழுந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. "ஹலா பேசிட்டா!" என்று ஒரு பிள்ளை கூவியது. அவள் கோட்டைத் தலைவரை இழுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். மணி அடிக்கும்வரை வெளியே வரவில்லை. அதன் பிறகு இரண்டு நாள் வயிற்று வலி என்று பள்ளிக்கே வரவில்லை.

5

மிஸ் பார்க்கரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். சின்ன வயசுப் பெண், நல்ல மனசு. "கேட்டதாக நீங்கள் சொன்னால் கேட்டிருக்கிறீர்கள்" என்றார். "ஆனால் சோதனையில் நான் கேட்க வேண்டுமே." அந்தக் கத்தல் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதால், கதவைச் சாத்திக்கொண்டு தினமும் மதியம் கொஞ்ச நேரம் நடத்தச் சொன்னார். எதற்காகக் குனிந்து குனிந்து நடக்கிறேன் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார். காது ஈரக் கதையைச் சொன்னபோது முகத்தைச் சுளித்துவிட்டுப் பிறகு சிரித்தார்.

தினமும் குடை பறந்தது. ஹலா திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கம் வந்தாலே உதட்டைக் கடித்துக்கொண்டாள். முன்பாவது வாய் மூடியிருந்தது. இப்போது தாழ்ப்பாளும் போட்டாகிவிட்டது.

மே மாதத்தில் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், பள்ளிக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளின் பக்கம் நின்று பரிமளா டீச்சரைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். ஹாரன் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னா சார் நீங்க! நிக்காத, பாக்காத, போய்கினே இருன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே. நீங்களே போயி நின்னுட்டீங்களா?"

"நின்னுட்டேன் டீச்சர். இன்னான்னே தெரியல."

"கொயந்தயப் பாத்து இளிச்சீங்களா?"

"இளிச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் உறுமிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு டீச்சரின் குரல் மாறியிருந்தது.

"சார், அங்க உங்களுக்குப் பேசறதுக்கு ஆளே இல்லீங்களா?"

சுமதி இருக்கிறாள், கயல் இருக்கிறாள், இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். "வந்தவாசி பஸ் வந்துட்ச்சு சார், ஜல்தியா ஏறணும், வெச்சுடறேன்" என்று அவரே காப்பாற்றினார். போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். ஒரு கடற்பறவை குப்பைத் தொட்டி மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

6

கயலுக்கு ஒன்பது வயது. அதே பள்ளியில் பெரிய வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள், ஆனால் சத்தமே வராது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தடித் தடிப் புத்தகமாகக் கண்ணாலேயே படித்து முடிக்கிறாள். படிப்பு என்றால் அடுத்த வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்று வளர்ந்தவன் நான். சுமதிக்கு மாலை ஷிப்ட் இருக்கும் நாட்களில் வீட்டில் குக்கர் மட்டும்தான் பேசும். கயல் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இருவருக்கும் எல்லாம் புரியும். இருந்தும் இடையில் ஏதோ ஒரு கண்ணாடி இருப்பது போலிருக்கும்.

ஒரு சாயங்காலம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளாக வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அன்று பாதித் தமிழில் பேசினாள்.

"அப்பா, ஹலா பேசறாப்பா. கேட் கிட்ட, அவ தம்பிகூட. நான் பாத்தேன். நீங்க வந்தா ஸ்டாப் பண்ணிடறா."

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"நீங்க பாக்கறீங்க."

"நான் அவ பக்கமே திரும்பறது இல்லையே இப்போ."

"இல்லப்பா. காதால பாக்கறீங்க. அவளுக்குத் தெரியும்." மீதியை ஆங்கிலத்தில் சொன்னாள். "வீட்டிலும் அப்படித்தான். நான் தமிழில் ஏதாவது சொன்னால் உடனே வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். அம்மாவிடம் சொல்கிறீர்கள். ஊருக்குப் போன் பண்ணி எல்லோருக்கும் சொல்கிறீர்கள். அப்புறம் அதை இன்னொரு தடவை சொல்ல எனக்குப் பிடிப்பதில்லை."

நான் கத்தியைக் கீழே வைத்திருந்தேன். அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாருங்க, இப்பகூட" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள். வெங்காயம் இருந்ததால் கண்ணுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து கூட்டு வாசிப்பில் நடப்பதை நிறுத்தினேன். பலகையைப் பார்த்து, வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு வரியைச் சொன்னேன். யார் படிக்கிறார்கள், யார் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. கையில் இருந்த ஒரே வித்தையையும் விட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் எழும் சத்தத்தை நம்பி நிற்பது பெரிய வேதனை. பிள்ளைகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குடை தன் பாட்டுக்குப் பறந்தது.

அதே வாரத்தில் ஒரு நாள் அடுப்படியில் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சாம்பார் அடிப் பிடிக்குதுப்பா." சுத்தமான தமிழ். என் கழுத்து திரும்பத் துடித்தது. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைக் குறைத்தேன். ஊருக்குப் போன் பண்ணவில்லை. இதோ, இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

7

நேற்று சோதனை. மற்ற பிள்ளைகள் எல்லோரும் காலையிலேயே முடித்துவிட்டார்கள். மதியம் ஹலா மட்டும் மீதி.

எங்கள் வகுப்பில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் சின்ன அறை. சோதனை அங்கேதான். காலையில் வாசலில் ஹலாவின் அம்மாவைப் பார்த்தேன். மகளின் கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

சோதனைக்குச் சற்று முன்னால் மிஸ் பார்க்கர் என்னிடம் வந்தார். "நேரமாகிவிட்டது. நீங்கள் குடையை ஆரம்பியுங்கள்" என்றார். "இந்தக் கதவைச் சாத்தப் போவதில்லை."

"அமைதியான அறையில் நடத்த வேண்டும் என்றுதானே விதி?"

"அறை அமைதியாகத்தான் இருக்கும். நானும் அவளும் மட்டும்தான் உள்ளே. பக்கத்து வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று விதியில் ஒன்றும் இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் வரும்வரை நிறுத்தாதீர்கள், மிஸ்டர் இ."

ஹலாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சிவப்புக் கோட்டு என்னைத் தாண்டிப் போனது ஓரக் கண்ணில் தெரிந்தது. நான் பலகையைப் பார்த்துக்கொண்டேன்.

"குடை பறந்தது, கடை மேலே பறந்தது. ம், சொல்லுங்க!"

பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? வழக்கம் போலக் கத்தினார்கள். கடையைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, மாதாகோவில் கூரையைத் தாண்டி, ரயிலைத் தாண்டிக் குடை கடைசிப் பக்கத்தில் போய் இறங்கியது. மிஸ் பார்க்கர் வரவில்லை. முதல் பக்கத்துக்குத் திருப்பினேன். "மறுபடியுமா?" என்றான் ஒருவன். "மறுபடியும்தான். இன்னும் பலமா" என்றேன். குடை மறுபடியும் கிளம்பியது.

கதவு என் கைக்கு எட்டும் தூரத்தில் திறந்திருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. நான்தானே கேட்கவிடாமல் செய்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு நொடி, ஒரு மூச்சு வாங்கும் நேரம் நிறுத்தினால் போதும், தெரிந்துவிடும். அவள் படிக்கிறாளா, அல்லது உதட்டைக் கடித்துக்கொண்டு சொற்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று தெரிந்துவிடும். ஜனவரியிலிருந்து அந்தக் குரலுக்காகவே காது கொடுத்துக் காத்திருந்தவன் நான். என் வேலையே கேட்பதுதான். அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது, கேட்காமல் இருப்பது. ரயில் மேலே பறக்கும் வரியில் குரல் உடைந்தது. பிள்ளைகள் அந்த உடைசலையும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள்.

மூன்றாவது முறை குடை குளத்தை நெருங்கும்போது கதவருகே அசைவு தெரிந்தது. முதலில் சிவப்புக் கோட்டு வெளியே வந்தது. நான் பார்க்கவில்லை. அது எனக்குப் பின்னால் போய், கொக்கிகளின் பக்கம், தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிறகு மிஸ் பார்க்கர் வந்தார். முடிவை அப்போதே சொல்லக் கூடாது, அதற்கும் விதி இருக்கிறது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பலகைக்குப் பக்கத்தில் என் எதிரே வந்து நின்று, ஸ்வெட்டர் கையை உள்ளங்கை வரை இழுத்து, தன் வலது காதை நிதானமாகத் துடைத்தார். மடலைத் துடைத்தார், மடலுக்குள்ளும் துடைத்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். முன்பல் விழுந்த பிள்ளை ஒன்று வாய்விட்டுப் படித்தால் ஒழிய அந்த இடம் நனையாது என்று அவருக்கும் இப்போது தெரியும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பலகையைப் பார்த்து நின்றதால் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கையை உயர்த்தி என் காதைத் தொட்டுப் பார்த்தேன், அது காய்ந்துதான் இருந்தது. பின்னால் வகுப்பு காத்திருந்தது. குடை இன்னும் குளத்தைத் தாண்டவில்லை. நான் அடுத்த வரியைச் சொன்னேன்.